ஆகாயக் கப்பலை அயன் பண்ணிய நாள்

"பிரான்சில் விழுந்த ஜேர்மன் ஆகாயப் போர்க்கப்பலின் வாயுப்பைத் துண்டு. பத்திரமாக வைக்கவும்."

நவம்பர் 1917 என்று மட்டும் குறித்த இந்தக் கடிதத்தோடு, உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் துண்டைச் சுஜா கொண்டுவந்தார். கனடாவின் அஜின்கோர்ட்டில் படங்களுக்கு பிரேம் போடும் கடையில் நான் வேலை செய்த காலம். சுஜாவின் கணவர் கனடியர். கடிதம் எழுதிய படைவீரர் சுஜாவின் மாமனாரின் தகப்பன்.

"சனிக்கிழமை மாமாவுக்கு எண்பதாவது பிறந்தநாள். தகப்பன்ர நினைவெண்டு அவரிட்டை இருக்கிறது இது ஒண்டுதான். கவனம், அங்கிள்."

கூறைச் சேலைத் துண்டைக் கலியாணப் படத்தோடு சேர்த்து பிரேம் போட்டுப் பழகிய கை என்னுடையது. மடிப்பை எடுக்க ஈரத்துணி விரித்து மெல்லிய சூட்டில் அயன் பிடிப்பேன். இதையும் பட்டென்றே எண்ணினேன். ஓரத்தில் சோதித்தும் பார்க்கவில்லை. அயன் பட்டதும் ஒரு மூலை சுருண்டு விறைத்தது. நனைந்த தோலின் வாடை எழுந்தது.

முதலாளி ஞானம் அண்ணை எட்டிப் பார்த்தார். "என்ன ஐசே, குடல் அவிக்கிறீரோ?"

"பட்டுத்துண்டு, அண்ணை."

"எந்த ஊர்ப் பட்டு உப்பிடி மணக்கும்?"

அன்று பின்னேரமே நூலகத்துக்குப் போனேன். உலோகக் கூட்டுக்குள் ஹைட்ரஜன் பைகளை வரிசையாகக் கட்டிய கப்பல்கள் அவை. வாயு கசியாமலிருக்க, மெல்லிய துணியில் மாட்டுக் குடலின் சவ்வை ஒட்டியிருக்கிறார்கள். ஒரு கப்பலுக்கு இலட்சக்கணக்கான மாடுகள். அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். போர்ச் சரித்திரம் வாசிக்கிற பழக்கத்தால் அந்தக் கப்பல்கள் குண்டு போட்ட திகதிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். அவை எதனால் மிதந்தன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சுஜாவுக்கு போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாட்டுக் குடலோ? ஒரு கிழமையாச் சாமித்தட்டில வைச்சிருந்தனான், அங்கிள். வெள்ளிக்கிழமை பூவும் வைச்சனான்."

"பிழை என்னிலதான், பிள்ளை. சுருங்கின மூலை இனித் திரும்பாது."

"அதை மாமாவுக்கு நீங்களே சொல்லுங்கோ."

வியாழக்கிழமை மாமனார் வந்தார். நான் சொன்னதைக் கேட்டு, அந்த மூலையைத் தொடாமல் நெடுநேரம் பார்த்தார். பிறகு, அதை வெட்டவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம் என்றார். பிரேமின் பின்பலகையில் என் கையால் எழுதினேன்: "துணி, மாட்டுக் குடல் சவ்வு. மூலை இந்தக் கடையில், என் பிழையால் சுருங்கியது." அதன்பிறகு, கையிலிருப்பது என்னவென்று தெரியாமல் நான் அயனின் பிளக்கைச் செருகியதில்லை.

கடிதத்துக்கு முந்திய மாதம், 1917 ஒக்டோபரில், பிரான்சில் விழுந்த ஜேர்மன் ஆகாயக் கப்பல்கள் ஒன்றுக்கு மேல். இந்தத் துண்டு அவற்றில் ஒன்றினுடையதா, அப்படியானால் எதனுடையது என்பதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.