பூசணிக்காய்க்குப் பக்கத்து வீடு

என் தொழில் மற்றவர்களைக் கண்காணிப்பது. கலியாண வீடுகளில் யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். கேட்டவர் ஒரு கணம் உளவுத்துறையை நினைத்துக் கொஞ்சம் மரியாதையாகக் கை குலுக்குவார். பிறகு மனைவி வந்து உண்மையைச் சொல்லிவிடுவாள். நான் ஏணியில் ஏறி வீடுகளுக்குக் கமரா பூட்டுகிறவன். தன் குப்பைத் தொட்டியை யார் தள்ளி விழுத்துகிறார்கள் என்று அறிவதற்காக நாலு கமரா பூட்டும் மனிதர்கள் சிட்னியின் மேற்கே நிறைய இருக்கிறார்கள். பெரும்பாலும் அது காற்றாக இருக்கும். காற்றைப் படம்பிடித்துக் கொடுத்துத்தான் நார்த்மீட்டில் ஒரு வீடு வாங்கினேன். இதுவரை பிடிபட்ட ஒரே ஆள், ஏணியிலிருந்து வாடிக்கையாளரின் ரோஜாச் செடிக்குள் விழுந்த நான்தான். அந்தக் காட்சி இன்றும் எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நான் பிறந்தது வட இலங்கையில் ஒரு சின்னத் தீவில். சைக்கிளை மிதிக்கத் தொடங்கி ஒரு பாட்டு முடிவதற்குள் மற்றக் கரை வந்துவிடும். ஒருநாள் விடிய, கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு படகில் ஏறச் சொன்னார்கள். சில நாட்களுக்குத்தான் என்றார்கள். அம்மா அரைத்த சம்பலை மூடி வைத்துவிட்டு வந்தார். பிறகு தீவு முழுவதும் படைத்தளமானது. வயர்கள், கோபுரங்கள், எல்லாவற்றுக்கும் நடுவே ரேடார் வைத்த ஒரு பெரிய வெள்ளை உருண்டை. கடலில் போகும் ஒரு தோணியின் இருமலைக்கூட அந்த உருண்டை கேட்குமாம். இதெல்லாம் நாங்கள் நேரில் பார்த்ததல்ல. ஆகாயத்திலிருந்து செய்மதி எடுத்த படத்தில் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேய்ஸ் ஹில் முருகனைக் கும்பிட்டுவிட்டு எங்கள் தீவுச் சனம் நேரே என் கராஜுக்கு வருவது வழக்கம். சனம் என்றால் பெரிய கூட்டம் என்று நினைக்க வேண்டாம். அங்கிள் ஒருவர், அன்ரி ஒருவர், நான், வடை கொண்டு வரும் என் மனைவி. மனைவி தீவுக்காரியும் இல்லை, வவுனியா. ஒரு வாடிக்கையாளர் வேண்டாமென்று விட்ட பெரிய திரை சுவரில் இருக்கிறது. அதில் தீவின் செய்மதிப் படத்தைப் போட்டு, நாலு கதிரைகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். கிரிக்கெட் பார்ப்பது போலத்தான், ஓட்டம் மட்டும் கிடையாது. "அப்பா, திஸ் இஸ் லிட்டரலி ஸ்பையிங்" என்று மகள் ஒருநாள் கதவில் நின்று சொன்னாள். முப்பது வருடமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலம் நாங்கள் பார்ப்பதில் என்ன குற்றம் என்றேன். அவள் வடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அங்கிள் ஓய்வுபெற்ற கணக்காளர். படத்தில் மண்ணிறமாகத் தெரியும் புள்ளிகள் தன்னுடைய மாடுகள் என்பது அவருடைய வாதம்.

"அங்கிள், மாடு முப்பது வருசம் சீவிக்குமே?"

"அதின்ரை பேரப்பிள்ளையள், ஐசே. நடையிலை தெரியுது."

"மேலையிருந்து எடுத்த படத்திலை நடை எப்படித் தெரியும்?"

"உமக்குத் தெரியாது. நீர் மாடு வளர்க்கேல்லை, கமரா வளர்த்தனீர்."

என் வீட்டைக் கண்டுபிடிப்பது எல்லோருடையதையும்விடச் சுலபம். ஹெலிகொப்டர் இறங்கும் தளத்தில் பெரிதாக எச் என்று வெள்ளை எழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த எழுத்தின் நடுக்கோடுதான் எங்கள் குசினி. அம்மாவின் சம்பல் அதற்குக் கீழே எங்கேயோ இருக்க வேண்டும். உலகத்தில் வேறு யாருடைய வீட்டையும் ஆகாயத்திலிருந்து இவ்வளவு தெளிவாக அடையாளம் காட்ட முடியாது என்று பெருமையடித்துக்கொள்வேன். அங்கிள் சிரிப்பார். அன்ரி சிரிக்க மாட்டார். அவருக்குச் சிரிப்பு வரவேண்டிய அவசியமில்லை. தீவில் வீடு மிச்சமாக இருந்தது அவருக்கு மட்டும்தான்.

எங்களுடையவை ஓலைக் கூரைகள். இரண்டு மாரியில் மண்ணாகிவிட்டன. அன்ரியின் கணவர் கொழும்பில் கடை வேலை பார்த்து, கடைசியில் வீட்டுக்கு ஓடு போட்டார். புது ஓட்டின் கீழ் ஒரு மாரிகூட முழுதாக இருக்கக் கொடுத்துவைக்கவில்லை, படகில் ஏறிவிட்டார்கள். அவர் வன்னியில் காய்ச்சலில் போனார். ஓடு நின்றது. வெள்ளை உருண்டைக்குப் பக்கத்தில், ஒரு மூலை சரிந்து, சிவப்பாக, படத்தில் ஒரு அரிசி அளவுக்கு. உருண்டைக்குப் பூசணிக்காய் என்று பெயர் வைத்தவர் அன்ரிதான்.

"புது வீட்டுக்குப் பூசணிக்காய் கட்டித் தொங்கவிடுறதில்லையே? எனக்குப் பெரிசா ஒண்டு பக்கத்திலை வைச்சிருக்கிறாங்கள். கண்ணூறு அண்டாது."

"கள்ளனும் அண்டான், அன்ரி. சுத்திவர ஆமி, நேவி. இப்பிடியொரு செக்கியூரிட்டிக்கு நான் எவ்வளவு வாங்குவன் தெரியுமே?"

"நீ பூட்டினா நாலு நாளிலை கழண்டிடும்."

அன்ரி வென்ட்வேர்த்வில் ஸ்டேசனுக்கு அருகில் ஒரு சின்ன பிளாட்டில் தனியாக இருந்தார். மெல்பேர்னில் இருக்கும் மகன் தன்னுடன் வரச்சொல்லி ஒவ்வொரு கிழமையும் கேட்பான். எனக்கு வீடு இருக்குது என்பதுதான் பதில். அவர் சொல்வது பிளாட்டை அல்ல.

ஒரு வியாழக்கிழமை மதியம், வாடிக்கையாளர் வீட்டில் ஏணியடியில் இருந்து சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே போனில் தீவைத் திறந்தேன். புதுப் படம் வந்திருந்தது. பூசணிக்காய் இருந்தது. எச் இருந்தது, புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஓட்டுக் கூரை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். சல்லிக்கல் பரவி, மட்டமாக, ஓரம் வெட்டி, சுத்தமான வேலை. அதன் நடுவில் வட்டமாக ஒரு அத்திவாரம். படங்களைப் பார்த்தே பிழைக்கிறவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இரண்டாவது பூசணிக்காய் வரப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை படத்தைப் போட்டுவிட்டுப் பகிடி, கேலி எதுவும் விடாமல் நின்றேன். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவி வடைத் தட்டை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. அன்ரி எழும்பிப் போய்த் திரைக்கு முன்னால் நின்றார். விரலால் அந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தார்.

"கூரை எங்கை?"

"எடுத்திட்டாங்கள் போலை இருக்கு, அன்ரி."

"எங்கை எடுக்கிறது? வீடென்ன, பாயே சுருட்டி எடுக்க? படம் பழுது. திருத்து."

"இது நான் திருத்திற படமில்லை. மேலை செய்மதி..."

"கமரா வேலைதானே செய்யிறாய்? இதுவும் கமரா எடுத்ததுதானே?"

"அன்ரி, மெய்யாத்தான் சொல்லுறன்."

"போன வருசம் இந்த அங்கிளின்ரை காணியிலை நேவி நீச்சல் குளம் கட்டியிருக்கு எண்டு சொன்னதும் நீதான். மனுசன் ரெண்டு கிழமை நித்திரை கொள்ளேல்லை."

நான் அப்படிப் பகிடி விட்டது உண்மை. அங்கிள் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன், என் கராஜின் கூரையை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு செய்தியை நேராகச் சொன்னவனுக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

அடுத்த கிழமை அன்ரி கையில் டாப்லெட்டுடன் வந்தார். முகம் வென்றவரின் முகம். ஸ்டேசனுக்குப் பக்கத்தில் போன் திருத்தும் நேபாளக்காரரிடம் கொண்டுபோயிருக்கிறார். "மை ஹவுஸ் மிஸ்ஸிங்" என்றிருக்கிறார். அந்த நல்ல மனிதர், தன்னிடம் நாளாந்தம் வரும் தொலைந்த படங்களில் இதுவும் ஒன்று என்று நினைத்து, பழைய திகதிக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். காசும் வாங்கவில்லை. திரையில் சிவப்பாக, மூலை சரிந்து, கூரை இருந்தது.

"ரெண்டு நிமிசம். பாரும், ரெண்டு நிமிசத்திலை திருத்தித் தந்தவன். இவருக்கு ஏணி ஏறத்தான் தெரியும். அதுவும் விழுவார்."

அங்கிள் வாயைத் திறந்தார். கீழே மூலையில் இருந்த திகதி அவருக்கும் தெரிந்திருக்கும், கணக்காளரல்லவா. மனைவி அந்த வாய்க்கு நேராக ஒரு வடையை நீட்டினாள்.

"ஓம் அன்ரி," என்றேன். "எனக்கு வேலை தெரியாது."

பகிடியோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த மாதமே ஊரிலிருந்து செய்தி வந்தது. காணிக்காரர் நேரில் வந்து தங்கள் தங்கள் காணியை அடையாளம் காட்டலாமாம். ஒருநாள் படகு விடுவார்களாம். காட்டினால் திருப்பித் தருவதைப் பிறகு யோசிப்பார்களாம். அன்ரி அன்று பின்னேரமே பயண முகவரிடம் போய்விட்டார். அவர் மகன் எனக்கு மெல்பேர்னிலிருந்து போன் எடுத்தான்.

"அண்ணை, டொக்டர் ஃப்ளைட்டே வேண்டாம் எண்டவர். ஹார்ட் சரியில்லை. ஒருக்காப் போய்வந்தா ரெண்டாந்தரம் போக ஏலாது எண்டிட்டார். அங்க வீடு இல்லைத்தானே? நீங்கள் சொல்லுங்கோவன்."

"நான் சொல்லி அவ நம்பேல்லை, தம்பி. நீர் மகன், நீர் சொல்லும்."

"சொன்னனான். அவவை மெல்பேர்னுக்கு இழுக்க நான் செய்யிற சூழ்ச்சியாம். நீங்களும் கூட்டாம்."

கடைசி முயற்சியாக இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். வாடிக்கையாளர்களுக்கு விளக்குகிற அதே குரலில், இது முந்தியது, இது பிந்தியது, இஞ்ச திகதி இருக்கு என்றேன்.

"திகதியை ஆர் போட்டது?" என்றார் அன்ரி.

"அந்தக் கொம்பனி."

"அந்தக் கொம்பனிக்கு என்ரை வீட்டைப் பற்றி ஆர் சொன்னது? நான் ஓடு போட்ட திகதி எனக்குத் தெரியும். அது போதும்." பிறகு குரலை இறக்கினார். "தம்பி, நீ பகிடி விடு. எனக்கு உன்ரை பகிடி விருப்பம். இதிலை மட்டும் விடாதை."

அதற்குமேல் என்ன செய்வது? விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். கைப்பையில் ஒரு கட்டுச் சாம்பிராணி வைத்திருந்தார். வீடு கனகாலம் பூட்டிக் கிடக்கிறதாம், மணக்குமாம்.

அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அங்கிள் ஒரு கதை சொன்னார். அகதியாகப் புறப்பட்ட எங்கள் தமிழ்ச் சனம் சிலரின் படகு பழுதாகி, தூரத்துச் சமுத்திரத்தில் வல்லரசு ஒன்றின் தீவுத்தளத்தில் ஒதுங்கி, வேலிக்குள் வருடக்கணக்காகக் கிடந்தார்களே, அந்தக் கதை. அந்தத் தீவுக்கும் ஒரு காலம் சொந்தச் சனம் இருந்ததாம். தளம் கட்ட அவர்களை ஏற்றி வேறெங்கோ இறக்கிவிட்டார்களாம்.

"யோசிச்சுப் பாரும். அந்தத் தீவுச் சனம் திரும்பிப் போகக் கேக்குது, விடுறாங்களில்லை. எங்கடை சனம் வெளியிலை விடச்சொல்லிக் கேட்டுது, விடேல்லை. ஆளை மாத்தி விட்டிருந்தாலே அரைவாசிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்."

வழக்கமாக அந்த இடத்தில் நான் ஒன்று சொல்வேன். அன்று போனில் தீவுப் பக்கத்து வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிள் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். சுகமில்லையோ என்று கேட்டார்.

படகு போகவேண்டிய நாளில் நான் வேலைக்குப் போகவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு கராஜில் இருந்தேன். அன்ரி அந்தச் சல்லியில் இறங்குவார். அடையாளம் காட்டுங்கோ என்பார்கள். மதில் கல்லும் இல்லை, பூவரசும் இல்லை. கையில் சாம்பிராணியோடு அந்த வட்ட அத்திவாரத்தில் நிற்பார். அங்கே ஏதாவது நடந்தால் தூக்கக்கூட ஆள் இல்லை. இப்படியே நினைத்துக்கொண்டிருக்க, அன்ரியின் மகனிடமிருந்து தகவல் வந்தது. கடல் குழப்பமாம். படகு விடவில்லையாம். சனத்தை இறங்குதுறையிலேயே வெயிலில் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வேறு திகதி சொல்வார்களாம்.

முப்பது வருடமாக எங்களை உள்ளே விடாதவர்களை நான் திட்டாத நாளில்லை. அன்று, கராஜில் கதிரையில் இருந்துகொண்டு, உள்ளே விடாததற்காக அவர்களுக்கு நன்றி சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். மனைவி குசினியிலிருந்து, "ஆரோடை கதைக்கிறியள்?" என்று கேட்டாள்.

அன்ரி மெலிந்து திரும்பினார். முதல் ஞாயிறே கோயிலிலிருந்து வந்து தன் கதிரையில் அமர்ந்தார். அங்கிள் வடையை உடைத்துக்கொண்டிருந்தார்.

"துறையிலையிருந்து பூசணிக்காய் வடிவாத் தெரிஞ்சது," என்றார் அன்ரி. "வீடு அதுக்குப் பின்னாலை. மறைச்சுப்போட்டுது. இல்லாட்டிக் கண்டிருப்பன்."

"ஓம் அன்ரி."

"தைக்குப் பிறகு திருப்பி விடுவாங்களாம். நான் குளிசை ஒழுங்காக் குடிக்கப்போறன். டொக்டர் என்னத்தையும் சொல்லட்டும். நீயும் வா. உன்ரை காணியையும் காட்டலாம்."

"எனக்குக் காட்டுறது சுகம். எழுத்துப் போட்டெல்லோ வைச்சிருக்கிறாங்கள்."

அந்தப் பகிடிக்கு அன்ரி சிரித்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. சிரிப்பில் இருமல் வந்து, மனைவி தண்ணீர் எடுத்து வந்தாள். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் திரையைப் போட முன்னம் திகதியைப் பின்னுக்குத் தள்ளினேன். அதே காலை, அதே மாடுகள், அதே நிழல். அன்ரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"கொஞ்சம் கிட்டக் கொண்டு வா, தம்பி. அந்த மூலை இன்னும் கூடச் சரிஞ்சிட்டுதோ எண்டு பாப்பம்."

கிட்டக் கொண்டுவந்தேன்.

"இல்லை அன்ரி," என்றேன். "அப்பிடியேதான் இருக்கு."