பின்சுவரில் ஒரு சன்னல்

போடிமெட்டுக்கு மேலே இருக்கும் அந்த ஏலத்தோட்டத்துக்கு நான் போனது வேலைக்காகத்தான். கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன் நான். தொழிலாளர்கள் குடியிருந்து காலியான பழைய லயத்தைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் அறைகளாக மாற்றித் தரச் சொன்னார் தோட்டத்தின் புது முதலாளி. சுவரோடு சுவர் ஒட்டிய ஐந்து வீடுகள். நடு வீட்டில்தான் நான் பிறந்தேன். ஆறு பேர் படுத்தால் புரள இடமில்லாத அந்த அறைக்கு இனிமேல் ‘காட்டேஜ்’ என்று பெயராம். சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

வரைபடத்தில் கழிவறைத் தொட்டியை லயத்தின் பின்பக்கம் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பிறந்து, ஒரு மாதம்கூட இருக்காமல் போன அக்காவை அங்கேதான் புதைத்தார்கள். பச்சைப்பிள்ளையை எங்கள் பக்கம் எரிப்பதில்லை. கல் நடுவதும் இல்லை. இடம் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். “அம்மாவக் கூட்டிட்டு வாங்க. அவங்க காட்டுற எடத்துல கை வைக்க வேணாம்” என்றார். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

மறுநாள் அம்மாவை ஜீப்பில் ஏற்றினேன். வளைவுக்கு வளைவு டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். “இம்புட்டு வெரசாப் போகாதய்யா, நான் முழுசாப் போய்ச் சேரணும்ல.” லயத்தைக் கண்டதும் யாருக்கும் காத்திராமல் இறங்கினாள். பின்பக்கம் போய், புதரை விலக்கி, எங்கள் வீட்டுக்கு நேராக நின்றாள்.

“இங்கதான்டா, அப்பு” என்றாள் என்னிடம்.

பிறகு பக்கத்து வீட்டுக்கு நேராகக் கையை நீட்டினாள். “அங்கயும் ஒண்ணு கெடக்கு. சொல்றதுக்கு அதப் பெத்தவ இப்ப இல்ல. அதையும் தோண்டிப்புடாத.”

தொட்டியை முன்பக்கம், ஜீப்பு நிற்கும் இடத்துக்கு மாற்ற முதலாளி ஒப்புக்கொண்டார். செலவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதரை நான் தப்பாக நினைத்திருந்தேன்.

கிளம்பும் முன் வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள் அம்மா. மலை தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்சுவரை உடைத்துப் பெரிய சன்னல் ஒன்று வைத்திருந்தோம். அந்தக் காலத்தில் குளிருக்குப் பயந்து அந்தச் சுவரில் ஒரு துளைகூட விடவில்லை.

அம்மா மலையைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி கீழே தரையைப் பார்த்தாள்.

“அப்பவே இப்பிடி ஒண்ணு வச்சிருந்தா, சோறு பொங்கிக்கிட்டே அவளப் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்ல” என்றாள்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். அவளே திரும்பி வரட்டும் என்று நான் வாசலில் நின்றேன்.