பி மைனருக்குக் காத்திருந்தவன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சரவணம்பட்டி அடுக்ககத்தில் ஆண்டு விழா. சாக்கு ஓட்டம், கோலப்போட்டி, கேசரி எல்லாம் முடிந்த பிறகு, "நம்ம சார் கிட்டார் வாசிப்பாருங்க" என்று யாரோ கொளுத்திப் போட்டுவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில் மேடை ஏறினேன். ஏறியது தப்பில்லை. என் மகள் அதைப் போனில் படம் பிடித்ததுதான் தப்பு. மறுநாள் காலை காபி குடிக்கும்போது படத்தை நிறுத்தி, பெரிதாக்கிக் காட்டினாள்.

"அப்பா, உங்க சுண்டு விரலுக்கு என்னாச்சு? அடிகிடி பட்டுருச்சா?"

பார்த்தேன். மூன்று விரல்கள் கம்பிகளின் மேல் ஓடியாடி வேலை செய்கின்றன. இடது கைச் சுண்டு விரல் மட்டும் விறைப்பாக நீட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட பங்காளி மாதிரி தள்ளி நிற்கிறது.

"நல்லாத்தான இருக்குது அம்மணி" என்று மடக்கிக் காட்டினேன். நன்றாகவே மடங்கியது. சட்டென்று ஒன்று உறைக்க, டம்ளரை வைத்துவிட்டுக் கத்தியேவிட்டேன்.

"இது என்ற வெரலே இல்ல! அயூப் வெரலு!"

மகள் அவள் அம்மாவைப் பார்த்தாள். அவள் அம்மா, இந்த மனுஷனுக்கு இது வழக்கம்தான் என்பதுபோல் தோசையைத் திருப்பினாள். உங்களுக்காவது நான் முறையாகச் சொல்கிறேன்.

அயூப் கோட்டைமேட்டுக்காரன், கல்லூரியில் என் பெஞ்சுக்காரன். பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் அவன் மாமாவின் லேத் பட்டறைக்குப் போய், சுண்டு விரலை இயந்திரத்தில் விட்டுவிட்டான். தையல் போட்டு விரலைக் காப்பாற்றினார்கள். ஆனால் கணு இறுகிப்போய், அதற்குப் பிறகு அது மடங்கவே இல்லை. அவன் கிட்டாரைத் தொட்டதே அதற்கப்புறம்தான். அதனால் மூன்று விரலில் வாசித்தான்.

நான் ஆறு மாதம் கழித்து ஆரம்பித்தேன். அப்போது யூடியூபா இருந்தது? எதிரில் உட்கார்ந்து அவன் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். ஈயடிச்சான் காப்பி என்பார்களே, அதே கதை. அவன் ஏட்டில் செத்துக் கிடந்த ஈயை நான் என் ஏட்டில் புதிதாக அடித்து ஒட்டியிருக்கிறேன். முப்பது வருஷத்துக்கும் மேலாக!

கிட்டார் கம்பி என்றாலே எனக்குத் தேங்காய் எண்ணெய் வாசம்தான் வரும். துருப் பிடிக்காமலிருக்கத் தடவுவோம். தடவின கையோடு வாசித்தால் விரல் வழுக்கும் என்பது வேறு விஷயம். எண்ணெய்க்குப் பஞ்சமில்லை; எங்கள் டிரம்மர் செந்தில் வீட்டுக் கொப்பரைக் களத்தில்தான் பயிற்சி. ஞாயிறு காலை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் பிடித்து, கிட்டார்களை மடியில் வைத்துக்கொண்டு கிணத்துக்கடவில் இறங்குவோம். களத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. முழங்கால் முட்டுகிற இடத்தில் நாலு பேர் உட்கார வேண்டும். பேஸ் கிட்டார் வாசித்த நாலாமவனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை. பாவம், பாட்டிலும் அவனுக்கு அப்படித்தான்.

நாங்கள் போட்ட கூச்சலுக்கு வேறு எந்த வீடானாலும் துரத்தியிருப்பார்கள். செந்திலின் அம்மா மட்டும் எங்களைக் கண்டால் மலர்ந்துபோவார். "வாங்க கண்ணு, சாப்புட்டுப்போட்டு சித்த சத்தமாவே வாசிங்க. நீங்க வந்தா ஒரு காக்கா களத்துப் பக்கம் அண்டறதில்ல" என்பார். ராக் இசைக்கு அவ்வளவு உண்மையான ரசிகையை நான் பிறகு பார்க்கவில்லை.

எழுபதுகளின் ராக் பாட்டுகள் என்றால் எங்களுக்குப் பைத்தியம். ஒரு குழுவின் கேசட் மூன்று எங்களிடம் இருந்தது. பெயர் சொன்னால் நீங்கள் வேறு குழுவுக்காகச் சண்டைக்கு வருவீர்கள், வேண்டாம். முதல் கேசட்டில் அந்தக் கிட்டார்காரன் தண்ணி லாரி மாதிரி தறிகெட்டு ஓடுவான். இரண்டாவதில் இன்னொரு கிட்டார்காரன் வந்து சேருவான், நிதானமான ஆள். மூன்றாவது கேசட்டில் முதலாமவன் கம்பியை இழுத்து நிறுத்துகிற அழகைக் கேட்க வேண்டுமே! அந்த நிதானமானவனோ ஓட ஆரம்பித்திருப்பான். எது யார் வாசிப்பது என்று பந்தயம் கட்டித் தோற்போம். "கூட உக்கார்றவன் கை நம்ம கையில ஏறிக்கும்டா" என்பான் அயூப். பெரிய தத்துவம் சொல்கிறான் என்று சிரித்தேன். என் கையில் ஏறிக்கொண்டிருந்தது தெரியாமல்.

இனி என் அவமானக் கதை. அயூப் லீட், அதாவது முன்னால் நின்று மெட்டை வாசிக்கிற கிட்டார். நான் ரிதம், பின்னால் தாளத்தோடு அடித்துக்கொடுக்கிற கிட்டார். ரிதம் வாசிப்பவன் நேரத்துக்கு வர வேண்டும். நானோ பி மைனர் என்ற ஒரு கார்டில், அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற ஒரு சுரக்கூட்டில், மட்டும் அரை பீட் தாமதமாகத்தான் வருவேன். மற்றவர்கள் சுண்டு விரலையும் வைத்துச் சுலபமாகப் பிடிப்பதை, நான் மோதிர விரலைச் சாய்த்து இரண்டு கம்பிகளை ஒன்றாக அழுத்திப் பிடிப்பேன். அயூப் அப்படித்தானே பிடிப்பான்! அவனுக்கு அது பழகிவிட்டது. எனக்கு ஒவ்வொரு தடவையும் மலையேறுகிற வேலை. அந்த இடம் வந்தால் அயூப் தாடையை லேசாகத் தூக்கி என்னைப் பார்ப்பான். 'வந்துட்டியா?' என்று அர்த்தம். நான் வந்து சேர்ந்ததும்தான் தன் கம்பியை இழுப்பான்.

ஒரு கல்லூரியின் கலைவிழாப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தோம். பத்து நாள் இருக்கும்போது செந்தில் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"மாப்ள, தப்பா நெனைச்சுக்காத. நீ வர்றதுக்குள்ள பாட்டு பொள்ளாச்சி போயிருது. பீளமேட்ல ஒருத்தன் இருக்கறான். இந்த ஒரு தடவ அவன வெச்சு வாசிச்சுக்கறோம்."

அயூப் தரையைப் பார்த்தபடி இருந்தான். அது எனக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தனியாகத் திரும்பி வந்தேன். அழுதேனா என்று கேட்காதீர்கள். அழுதேன்.

வீட்டில் வீம்புக்குச் சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக்கை வைத்து பி மைனரை மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. பம்புசெட் கம்பெனியிலிருந்து களைத்து வந்த அப்பா, கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறுவார். "ஏன்டா, பாட்டு எப்பத்தான்டா ஆரம்பிக்கும்?" என்றார். நாலே நாளில் கை நேரத்துக்கு வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் செந்தில் மொபெட்டில் வந்து இறங்கினான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பீளமேட்டுக்காரன் கடிகாரமாட்ட வாசிக்கறான் மாப்ள. ஆனா அயூப் லீடு நாசமாப் போச்சு. பி மைனர் வர்ற ஒவ்வொரு எடத்துலயும் நிக்கறான். யாருக்குடா நிக்கறேன்னு கேட்டா அவனுக்கே தெரியல. நீ வந்துரு. எங்கம்மா வேற, காக்கா வந்துருச்சுன்னு திட்டுது."

ஓடினேன்! ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள், நான் இப்போது நேரத்துக்கு வந்துவிட்டேனே! முதல் பாட்டிலேயே அயூப் தாடையைத் தூக்குமுன் பி மைனர் போய்விட்டது. அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கும்பிட்டான். "டேய், உனக்குப் புண்ணியமாப் போகும், பழையபடி லேட்டா வாடா." வேண்டுமென்றே தாமதமாக வர முயன்றேன். வரவே இல்லை. கெட்ட பழக்கத்தைத் திரும்பக் கற்றுக்கொள்வது அவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போட்டியன்று மேடைப் பயமே காப்பாற்றியது. நாலு நாள் பயிற்சி வியர்வையோடு போய்விட்டது. பி மைனர் வந்தது, என் விரல்கள் தடுமாறின, அயூப் தாடையைத் தூக்கினான். அந்த அரை பீட் நேரம் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது. நான் போய்ச் சேர்ந்தேன். அவன் கம்பியை இழுத்தான் பாருங்கள், விசில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று! எனக்கு இதை எழுதும்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

இரண்டாம் பரிசுதான். நடுவர் அயூப்பின் தோளைத் தட்டி, "அந்த எடத்துல நின்னு எடுக்கறீங்களே தம்பி, அது எங்க புடிச்சது?" என்று கேட்டார். அயூப் என்னைக் காட்டினான்.

"அது இவன்றதுங்க சார்."

போன வாரம் வரை அந்த வார்த்தையைப் பதக்கமாக மாட்டிக்கொண்டு திரிந்தேன். இப்போதல்லவா தெரிகிறது! அவன் விரலைப் பார்த்து நான் தாமதமானேன். என் தாமதத்தைப் பார்த்து அவன் நிற்கக் கற்றான். உடனே மஸ்கட்டுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். அவன் அங்கே பெரிய பட்டறை நடத்துகிறான். சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்ப உன்னைய லேட்டாக்குனதே நாந்தானாடா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தான். "லீவு நாள்ல இன்னும் வாசிக்கறேன்டா. போன்ல ட்ரம்மு, கார்டு எல்லாம் போட்டுத் தர்ற ஆப் ஒண்ணு இருக்குது. தப்பே பண்ணாது. நான் பி மைனர்ல நிக்கறேன், அது போயிருது."

செந்தில் வீட்டுக் களம் இப்போது மனைப்பிரிவாகிவிட்டது. வரிசையாக மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள். கேசட் வாங்கிய கடையில் பிரியாணி விற்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது. இதற்கெல்லாம் நான் வருத்தப்படுகிற ஆளில்லை. ஆனால் நான் தப்புப் பண்ணினால் நின்று கூட்டிப் போக ஒருத்தன் முழங்கால் முட்டுகிற தூரத்தில் இருந்தானே, அதை நினைத்தால்தான் மனசு அடித்துக்கொள்கிறது.

"இரு, கிட்டார எடுத்துட்டு வாரேன்" என்றேன். அவனும் எடுத்தான். பழைய பாட்டையே ஆரம்பித்தோம். நான் அடிப்பது அங்கே போய்ச் சேருவதற்குள் அவன் அடுத்த வரிக்குப் போயிருந்தான். "நெட்டு உன்னவிட லேட்டுடா" என்று சிரித்தான். மூன்றாவது தடவை பி மைனர் வரை வந்துவிட்டோம். என் சுண்டு விரல் தானாக விறைத்து நீட்டிக்கொண்டது. அவன் தாடையைத் தூக்கினான். அப்படியே திரை உறைந்துவிட்டது.

நான் கார்டைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டேன்டா" என்றேன். அவனுக்குக் கேட்டிருக்காது.