ஓவசியருக்கு எந்தத் தண்ணீர்

நெளுக்குளத்தில் எங்களுக்கு அடுத்த வளவில் இருப்பவர் விமலேஸ்வரி மாமி. விடியுமுன் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பார். அவருடைய கணவர் ஏரம்பு மாமா உழவு இயந்திரம் ஓட்டியவர். சிறுநீரக வருத்தம் வந்தபின் அதை விட்டுவிட்டு முன்அறையில் ஒரு மீன்தொட்டி வைத்தார். எல்லாம் கறுப்பு மோலி மீன்கள். அவற்றில் பெரியது ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்ப் போய் வரும். ஒரு வேலையும் செய்யாமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கிறது என்று அதற்கு ஓவசியர் என்று பெயர் வைத்திருந்தார்.

மாசியில் மாமாவை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் தங்கவைத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். ஆண்கள் வார்ட்டில் பெண்கள் துணைக்கு நிற்க முடியாது. மாமாவின் தம்பி அப்புத்துரைதான் கூடப் போனார். வாகனத்தில் ஏறும்போது மாமா சொன்னார்:

"நான் வரேக்க ஓவசியர் நிக்கவேணும், விமலா."

"முதல் நீங்கள் வந்து சேருங்கோ. அவர் எங்கை போகப்போறார்."

மாமாவுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், பில்டர் தண்ணீர்தான் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் கொதித்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். மாமி அதைத் தேசிக்காய்ப் புளியால் உரஞ்சிக் கழுவுவார். அந்த வெள்ளைதான் மனுசனைப் பழுதாக்கியது என்பது அவருடைய முடிவு. தொட்டிக்கு மட்டும் மாமா கிணற்றிலிருந்துதான் ஊற்றி வந்தார். இப்போது பொறுப்பு மாமியிடம். மீனுக்கு மட்டும் ஏன் அந்தத் தண்ணீர் என்று நினைத்து, தொட்டியை வெறுமையாக்கி, பிளாஸ்டிக் கானில் வாங்கிய பில்டர் தண்ணீரை நிரப்பினார்.

சில நாட்களில் மீன்கள் நீந்துவதை விட்டுவிட்டு நின்ற இடத்திலேயே ஆடத் தொடங்கின. குளிரில் நடுங்குவதுபோல இருந்தது. ஓவசியரும் மூலையில் நின்று ஆடியது. மாமி என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை பாரும் பிள்ளை. நல்ல தண்ணி குடுத்தனான். இதுகளுக்கு என்ன வந்தது?"

டவுனில் வளர்ப்பு மீன் விற்கும் சிவகரன் ஒரு சிறிய போத்தல் தந்தார். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் தனியாக எடுத்து அதில் அந்த மருந்தைச் சொட்டாக விட வேண்டும். நிறம் மஞ்சளானால் தண்ணீர் புளித்துவிட்டது, நீலமானால் காரம் கூடிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் வரும் பச்சைதான் சரி. இதன் அளவுக்குப் பெயர் பி.எச். போத்தலோடு வந்த நிறமட்டையில் ஆங்கிலத்தில் இருந்ததை நான் வாசித்துச் சொன்னேன். எங்கள் சொட்டு மஞ்சளாக வந்தது.

"புளிப்பெண்டால் அப்பச்சோடா போட்டால் சரிதானே" என்றார் மாமி. நான் மட்டையை மீண்டும் வாசித்து முடிக்குமுன் ஒரு கரண்டி போட்டுவிட்டார். அடுத்த சொட்டு கடும் நீலம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மாலைக்குள் குஞ்சுகள் செத்து மிதந்தன.

அன்றைக்குப் பார்த்து மாமா ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தார்.

"ஓவசியர் என்ன செய்யிறார்?"

"நிக்கிறார்" என்றார் மாமி.

நான் சிவகரனுக்குப் போன் எடுத்து மாமியிடம் கொடுத்தேன்.

"ஆரக்கா உங்களை பில்டர் தண்ணி ஊத்தச் சொன்னது? அதிலை ஒண்டும் இல்லை. மீன் கழிக்கிற கழிவு புளிச்சுக்கொண்டு போக, அதைப் பிடிச்சு நிப்பாட்ட ஏதாவது வேணும். கேத்திலிலை வெள்ளையாப் படியுதெல்லோ? அதுதான் அந்த வேலையைச் செய்யிறது. மோலிக்கு அது கட்டாயம் வேணும். கிணத்துத் தண்ணியை நாளுக்குக் கொஞ்சமா ஊத்துங்கோ. பி.எச்சை ஒரே நாளிலை ஏத்தவும் கூடாது, இறக்கவும் கூடாது."

மாமி போனை வைத்துவிட்டு கேத்திலை எடுத்து உள்ளே பார்த்தார்.

"இதைத்தானே நான் உரஞ்சி உரஞ்சி ஊத்தினனான்."

பிறகு காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு. சொட்டு மெல்ல மெல்லப் பச்சைக்கு வந்தது. ஓவசியர் மூலையை விட்டு வெளியே வந்தது. மாமியின் குழப்பம் மட்டும் தீரவில்லை.

"நீர் படிச்சனீர், சொல்லும். மீனைப் பழுதாக்கின தண்ணி மனுசனுக்கு எப்பிடி நல்லதாகும்?"

"மாமாவுக்கு டொக்டர் சொன்னது மாமி. மீனுக்குக் கடைக்காரர் சொன்னது. மீன் அதுக்குள்ளையே இருக்குது, மாமா குடிக்கிறார். ரெண்டும் வேறை."

"ஓம், வேறைதான்" என்றார். அடுத்த நாளும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கும் நான் சொல்வது விளங்காததுபோல் ஆனது.

மாமா வந்த அன்று உடுப்பு மாற்றவும் இல்லை, நேரே தொட்டிக்கு முன்னால் கதிரையில் போய் இருந்தார். ஓவசியர் கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது.

"குஞ்சுகள் எங்கை?"

மாமி எல்லாவற்றையும் சொன்னார். மாமா தொட்டியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, ஓவசியர் நிக்கிறார்தானே. எனக்குக் கொஞ்சம் தண்ணி தா."

மாமி குசினிக்குள் போனவர் உடனே திரும்பவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் கான், மறுபக்கம் கிணற்று வாளி. நடுவில் நின்றார். கடைசியில் கானிலிருந்துதான் வார்த்தார். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா பாதியில் நிறுத்தினார்.

"ஏன் பாக்கிறாய்? நான் இன்னும் ஆடத் தொடங்கேல்லை."

மாமி சிரிக்கவில்லை. "குடியுங்கோ" என்றார். ஆனால் கண் டம்ளரைப் பிடித்திருந்த மாமாவின் கையை விட்டு எடுபடவில்லை.