பொட்டு வைக்காத பலகை

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை காலை. கம்பத்தில், கூடலூர் போகும் சாலையோரம் நானும் என் மச்சானும் மரவேலைப் பட்டறை வைத்திருந்தோம். மோட்டாரில் ஓடும் வட்ட ரம்பம் ஒன்றுதான் எங்கள் சொத்து. மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்றுக்கு நிற்கத் தெரியாது. எனக்கும் அப்படித்தான், ஒரு வேலை முடியுமுன் மனசு அடுத்ததற்குத் தாவிவிடும்.

அன்று கையில் இருந்தது ஒரு தேவாலயத்துக்கான பிரசங்க மேடை. மறுநாள் ஆராதனையில் பிரதிஷ்டை. ஆறு பக்கம் கொண்டது. பின்பக்கம் போதகர் ஏறத் திறந்திருக்கும், மற்ற ஐந்துக்கும் ஐந்து பலகை. இடைவெளியில்லாமல் அவை ஒட்ட, ஓரங்களை முப்பது டிகிரி சாய்த்து அறுக்க வேண்டும். அப்படி அறுத்தால் பலகையின் ஒரு முகம் அகலமாகவும் மறுமுகம் குறுகலாகவும் ஆகும். தேக்கு வரியோடும் நல்ல முகம்தான் அகலமாக வெளியே வரவேண்டும். போடியிலிருந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர் காணிக்கையாகக் கொடுத்த, ஒரு முகத்தில் மட்டும் தேக்கு ஒட்டிய ஒரே ஒரு பிளைவுட் ஷீட். கொச்சியில் வாங்கி, குமுளியிலிருந்து ஜீப் கூரையில் மலையிறங்கி வந்தது. வீணானால் ஞாயிறு காலைக்குள் இன்னொன்றுக்கு வழியே இல்லை.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம். எந்தப் பலகையும் ரம்பத்துக்குப் போகுமுன் அதன் நல்ல முகத்தில் குங்குமப் பொட்டு வைப்போம். கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, எது மேல்முகம் என்ற அடையாளமும் ஆச்சு.

அன்று வியாபாரியின் மனைவி வந்து உட்கார்ந்திருந்தார். மேடையில் தொங்கவிடத் தானே பூத்தையல் போட்ட வெள்ளைத் துணிக்கு அளவு பார்க்க வந்தவர். மச்சான் குங்குமச் சிமிழை எடுத்தான். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். சர்ச்சுப் பலகையில் பொட்டு வைத்தால் அந்த அம்மா மனசு நோகும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். பென்சிலால் ஒரு குறி போட்டிருக்கலாம். பொட்டுக்குப் பழகிய கைக்கு அது தோன்றவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும். அவசரம். மரத்தூளில் இரண்டு முகமும் ஒரே நிறம். நான்கு பலகை ஓடியது, ஐந்தாவதும் ஓடியது, மோட்டார் அடங்கியது. தூசியை ஊதிவிட்டு மச்சான் அலறினான்.

"மாப்ளே! கடேசிப் பலகையக் குப்புறப் போட்டு அறுத்துட்டியேப்பா!"

நல்ல முகம் குறுகிப் போயிருந்தது. அதை வெளியே காட்டினால் மூட்டு வாய் பிளக்கிறது. திருப்பி வைத்தால் மூட்டு கச்சிதம். ஆனால் வெளியே தெரிவது வரியில்லாத மொட்டைப் பின்முகம்.

"என்ன தம்பி, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக?" என்றார் அந்த அம்மா.

சொன்னேன். பொட்டை விட்டதையும் சேர்த்தே சொன்னேன். அவர் எழுந்து பலகைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு மடியிலிருந்த துணியை உதறி, முன்னால் வரும் நடுப்பலகையின் மேல் போட்டார். மேலிருந்து அடிவரை பலகை காணாமல் போனது.

"இது எப்பவும் முன்னாலதான் தொங்கும். அந்த மொட்டையத் திருப்பி இங்கன வைங்க. யாரு பாக்கப் போறாக?"

"தொவைக்கக் கழட்டுனா?" என்றான் மச்சான்.

"தொவைக்கிறதே நாந்தானப்பா. இன்னொன்னு தச்சு வச்சுட்டுத்தான் இதக் கழட்டுவேன்."

சிரித்துவிட்டோம். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

"ஏந்தம்பி, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன? ரம்பத்துக்கிட்ட நிக்கிறவுக வெரல் முழுசா இருக்கணும்னு வைக்கிற பொட்டு. அதுக்குப் போயி நான் கோவிப்பேனாக்கும்? தேச்சா போயிரும்ல."

வேதப்புத்தகம் வைக்கும் மேற்பலகை இன்னும் அறுக்கப்படாமல் இருந்தது. மச்சான் கையிலிருந்த சிமிழை வாங்கி அவரே என்னிடம் நீட்டினார். நாலு மணிக்குக் கரண்ட் வந்தபோது, பொட்டு மேலே பார்க்க, அந்தப் பலகை பிசிறில்லாமல் ஓடியது.

மறுநாள் தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்றேன். ஜன்னல் காற்றில் துணி லேசாக உப்பியது. ஆனால் அது மேலே தூக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், துணியின் அடியோரத்தைப் பலகையோடு சேர்த்து வரிசையாக நாலு குண்டூசி குத்தியிருந்தார் அந்த அம்மா.

யார் மனசோ நோகுமே என்று நானாக ஒன்றை நினைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதை விழுங்கப் போகும்போதெல்லாம், இன்றைக்கும் அந்த நாலு குண்டூசிகள் என் நினைவில் மினுங்குகின்றன. வாயைத் திறந்து கேட்டுவிடுகிறேன்.