ஆராய்ச்சி கூரை வாங்கிய கதை

பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்த பெயிண்ட் கம்பெனியில் யாருக்கும் அவரைச் சட்டென்று தெரியாது. 'ஆராய்ச்சி' என்று கேட்டால் வாசல் காவலாளியே கூடவே நடந்து வந்து தரப் பரிசோதனை அறையில் விட்டுவிட்டுப் போவார். அங்கே ஒரு விளக்கின் கீழ் இரண்டு வெள்ளைத் தகடுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கி, மூக்கால் முகர்வதைப் போல் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு பெருமூச்சு. "இது யானைத் தந்த வெள்ளை. அது தந்த வெள்ளைக்குத் தூரத்துச் சொந்தம்." அவ்வளவுதான், ஒரு தொட்டி பெயிண்ட் முழுதும் திரும்பிப் போகும்.

குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிற மனிதர் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றிச் சட்டையோடு ஆணியில் மாட்டிவிட முடியுமா? வீட்டுக்கு மிக்ஸி வாங்க ஒரு கோடையில் ஆரம்பித்தவர் அடுத்த கோடையில்தான் முடித்தார். நடுவில் அந்த வீட்டில் அரைத்துச் செய்கிற சமையல் எதுவும் கிடையாது. குளியலறைக் குழாயை இன்னும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். பழைய குழாய்க்கு ரப்பர் பட்டை சுற்றியிருக்கிறது.

அவர் மனைவி நேர் எதிர். பேருந்து நிலையப் பணிமனையில் காலை வண்டிகளைக் கிளப்பி அனுப்புகிற அதிகாரி. ஜன்னல் உடைந்த வண்டி, இருமிக்கொண்டே கிளம்புகிற வண்டி, ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிற வண்டி என்று எது கையில் இருந்தாலும் நேரத்துக்கு வாசலைத் தாண்டியாக வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் பயணிகள் மேலே ஏறி அடித்துவிடுவார்கள். அதனால் அந்தம்மாளுக்கு யோசனை என்பது நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடுகிற விஷயம்.

இப்படி இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருந்தார்கள். பாறையில் ஏறும், ஓடையில் இறங்கும், சேற்றில் சிரித்துக்கொண்டே போகும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். வாங்கிய நாளிலிருந்து அது கண்ட பெரிய வீரச்செயல், பல் மருத்துவமனை வாசலில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தைத் தாண்டியது. அன்று ஆராய்ச்சி இறங்கி நான்கு சக்கரத்தையும் சுற்றிவந்து பார்த்த பார்வையில் மலையேறி வந்த களைப்பு இருந்தது.

ஒரு முறை விடுமுறைக்கு ஏரிக்கரைப் பக்கம் போனார்கள். தங்கும் விடுதிகளை ஆராய்ந்து முடிப்பதற்குள் எல்லா அறையும் நிரம்பிவிட்டது. வண்டியிலேயே படுத்தார்கள். காலையில் மனைவி உடை மாற்ற எழுந்தபோது மேல்தகடு நடுமண்டையில் 'டங்'கென்று இடித்தது. மண்டையைத் தடவிக்கொண்டே அந்தம்மாள் சொன்னது ஒரே வாக்கியம்.

"என்னங்க, இந்த வண்டிக்குள்ள எனக்கு நிமிந்து நிக்கணும், அவ்வளவுதான்."

ஆராய்ச்சிக்கு மூக்கு வியர்த்தது. ஆராய ஒன்று கிடைத்துவிட்டது.

வண்டியின் இரும்புக் கூரையை அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் லேசான ஃபைபர் மூடி ஒன்றைப் பொருத்துகிறார்கள். ஓடும்போது மூடி படுத்திருக்கும். நிறுத்திய இடத்தில் கையால் தள்ளினால், கார் டிக்கியைத் தாங்குமே அதே மாதிரி கேஸ் தண்டுகள் தாங்கிக்கொள்ள, மேலே எழும்பும். சுற்றிலும் கூடாரத் துணி சுவராக விரியும். மேலே பலகை போட்டுப் படுக்கலாம். பலகையை மடக்கினால் கீழே நிமிர்ந்து நிற்கலாம். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதில் மூன்று ஜாதி உண்டு என்று ஆராய்ச்சி கண்டுபிடித்தார். முன்பக்கம் கீல் வைத்துப் பின்பக்கம் திறப்பது, பின்பக்கம் கீல் வைத்து முன்பக்கம் திறப்பது, நான்கு மூலையும் சேர்ந்து நேராக எழும்புவது.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் டிபன் பாக்ஸ் மூடி சாப்பாட்டுக்கு உதவவில்லை. மூடியை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்து விளக்குவார்.

"பின்னாடி கீல் வச்சேன்னு வை. ஓடும்போது முன்னாடி தாழ்ப்பாள் விட்டுச்சுன்னா காத்து உள்ள பூந்து மொத்தக் கூரையையும் பிச்சுக்கிட்டுப் போயிடும்."

"தாழ்ப்பாளைப் போட்டுட்டு ஓட்டினா?"

"அது அவ்வளவு லேசான கேள்வி இல்ல."

"சரி, எதுல நிமிந்து நிக்கலாம்?"

"எல்லாத்துலயும் நிக்கலாம். ஆனா எங்க நிக்கறோங்கறதுதான் கேள்வி."

அந்தம்மாள் மூடியை அவர் கையிலிருந்து வாங்கிப் பாத்திரத்தை மூடிவிட்டு எழுந்து போனாள்.

ஊருக்கு வெளியே கூரை மாற்றுகிற பட்டறை ஒன்று இருந்தது. நடத்தியவர் பேச்சில் பேயை விரட்டுவார். அவரிடம் இருந்த ஆணியிலிருந்து துணி வரை எல்லாம் 'விமானத் தரம்'. வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற காகிதக் கோப்பை டீயைக்கூட ஒரு முறை வாய்தவறி விமானத் தரம் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கூரைக்காரரே ஆராய்ச்சியிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஆராய்ச்சி கீலை ஆட்டிப் பார்த்தார், துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தையலைத் தடவிப் பார்த்தார். எல்லாம் முடிந்து கூரைக்காரர் மூச்சு விட்ட நேரத்தில் கூரையின் நிற மாதிரித் துண்டு ஒன்றை வண்டியின் மேல் வைத்துக் கண்ணைச் சுருக்கினார்.

"கூரை வெள்ளையும் வண்டி வெள்ளையும் சேரலையே."

"சார், ரெண்டும் வெள்ளைதான் சார்."

"ஒன்னு வெள்ளை. இன்னொன்னு வெள்ளைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

அதற்குப் பிறகு அவர் தலையைத் தெருமுனையில் கண்டாலே கூரைக்காரர் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் நிலத்தடி நிறுத்தத்திலும் அமர்க்களம். கூரை போட்டால் வண்டி இடிக்குமா என்று ஸ்டூலில் ஏறி உத்தரத்தின் உயரத்தை டேப்பால் அளந்துகொண்டிருந்தவரைப் பார்த்துக் காவலாளி பதறிப்போய், "சார், குடும்பத்துல ஏதாவது பிரச்சனையா? எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம், மொதல்ல கீழ எறங்குங்க" என்று காலைக் கட்டிக்கொண்டார்.

இதற்கிடையில் ஆராய்ச்சி கைபேசியில் ஒரு குழுவில் சேர்ந்தார். கூரை தூக்குகிற வண்டி வைத்திருப்பவர்களும் வைக்க ஆசைப்படுபவர்களும் கூடிப் பேசுகிற இடம். முதலில் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டார். பிறகு ஒருவருக்குப் பதில் சொன்னார். அந்தப் பதிலின் நீளத்தைப் பார்த்தே பலர் மிரண்டுபோனார்கள். துணிக்குள் ஈரம் ஏன் கோக்கிறது, கேஸ் தண்டு குளிரில் ஏன் சோம்புகிறது, கூரை எடை கூடினால் வளைவில் வண்டி எப்படிச் சாய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினார். கொஞ்ச நாளில் அவர் 'குரு' ஆனார். "குரு என்ன சொல்றார்?" என்று கேட்காமல் அந்தக் குழுவில் ஒருவரும் ஒரு திருகாணி வாங்குவதில்லை. பின்கீல் கூரையை அவர் திட்டியதைப் போல் சொந்தப் பகையாளியைக்கூட யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். 'பின்கீல் வாங்குபவர் காற்றில் பறக்கிற பட்டம் வாங்குகிறார், கூரை வாங்கவில்லை' என்று அவர் எழுதிய வரி குழுவில் பலருக்கு மனப்பாடம்.

குருவின் வண்டியில் கூரை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் பிடி கொடுக்கவில்லை. 'நம்ம அனுபவத்துல' என்று ஆரம்பிப்பார். அனுபவம் டிபன் பாக்ஸ் மூடியோடு சரி என்பது மனைவிக்கும் மனைவியின் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும்.

மச்சான்காரன் வாய் சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்தவன் ஒரு நாள் கேட்டான். "மாமா, நீச்சல் தெரியாதவரு கடல்ல குதிக்கறவனுக்கெல்லாம் வழி சொல்றீங்களே, ஒரு நாள் யாராவது கையப் புடிச்சு இழுத்தா என்ன பண்ணுவீங்க?"

"தெளிவா யோசிக்கறவன் கரையிலதான் நிக்கணும் மாப்ளே."

"அப்ப அக்காதான் பாவம். அவளும் உங்ககூட கரையிலயே நிக்கறா, அதுவும் குனிஞ்சுக்கிட்டு."

ஒரு நாள் இழுத்தேவிட்டார்கள். குழுவில் இருந்தவர்கள் ஏரிக்கரையில் ஒன்றுகூடுவதாக முடிவாயிற்று. குருதான் பேச வேண்டும், குடும்பத்தோடும் வண்டியோடும் வர வேண்டும் என்று அழைப்பு வந்தது. ஆராய்ச்சி குளித்துக்கொண்டிருந்த நேரம். கைபேசி சமையலறையில் கிடந்தது. அழைப்பை மனைவி படித்தாள். மேலே தள்ளி, குரு இத்தனை நாள் எழுதியதையும் படித்தாள். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது ஆத்திரமும் வந்தது. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கூரை வாங்கிக் கொடுத்திருக்கிற மனிதர் கட்டின பெண்டாட்டியை மட்டும் மண்டை இடிக்க விட்டிருக்கிறார்!

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அந்தம்மாள் வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். கூரைக்காரர் வழக்கம்போல் வண்டிக்கு அடியில் புகுந்தார்.

"பயப்படாதீங்க, அவரு வரல. எது ரெடியா இருக்கு?"

கூரைக்காரர் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "ஒருத்தரு ஆர்டர் கொடுத்துட்டு வெளிநாடு போயிட்டாரும்மா. ஒரு கூரை அப்படியே நிக்குது. ஆனா துணி மஞ்சள். பின்னாடி கீல். சாருக்கு…"

"நிமிந்து நிக்கலாமா?"

"தாராளமா. விமானத்…"

"மாட்டுங்க."

வண்டி பணிமனைச் சிநேகிதி வீட்டில் நிற்கிறது என்று சொல்லிச் சமாளித்தாள். அந்தப் பொய் அதிக நாள் தாங்கவில்லை. ஒரு நாள் அலுவலகத்திலிருந்து திரும்புகிற வழியில், பழக்க தோஷத்தில் கீல்களை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆராய்ச்சி பட்டறைக்குள் நுழைந்தார். நடுமுற்றத்தில் மூடி திறந்த டப்பா மாதிரி ஒரு வண்டி நின்றது. மேலே வானம் தெரிந்தது. 'ஐயோ, யார் வண்டியோ' என்று பரிதாபப்பட்டுக்கொண்டே எண் பலகையைப் பார்த்தார். அப்படியே ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. கூரைக்காரர் ஓடிவந்து காகிதக் கோப்பையில் டீ கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கத்த வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் சேர்த்துக்கொண்டு வந்தார். கதவைத் திறந்த மனைவி முந்திக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை பேசினீங்கன்னா, உங்க குழுவுல 'நம்ம அனுபவத்துல' என்னன்னு நானே எழுதிடுவேன்."

ஆராய்ச்சி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். அன்று அவர் சாப்பிட்ட சாப்பாட்டில் உப்பு இல்லை. அதைக்கூட அவர் குறை சொல்லவில்லை.

கூட்டத்துக்குக் கிளம்பும் நாள் வந்தது. வழி முழுக்க அவர் பார்வை ரோட்டில் இல்லை, தாழ்ப்பாளில்தான். மனைவி ஓட்டினாள். ஏரிக்கரையில் வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே, மாம்பழ மஞ்சளில் துணியும் வண்டியோடு ஒட்டாத வெள்ளையில் கூரையுமாக இவர்கள் வண்டி போய் நின்றது. 'குரு வந்துட்டார்' என்று கூட்டம் மொய்த்தது. மனைவி கூரையைத் தள்ளினாள். முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு எழும்பியது. பின்பக்கம் கீல்.

கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனப்பாடம் செய்தவர்கள் வாயிலேயே அந்தப் பட்டம் விடுகிற வரி வந்து நின்றது.

ஆராய்ச்சிக்கு அசடு வழிந்தது. ஆனால் வழிந்த வேகத்திலேயே காய்ந்தது. தொண்டையைச் செருமினார்.

"நம்ம அனுபவத்துல," என்று ஆரம்பித்தார், "பின்கீலைத் திட்டினேன். ஏன் திட்டினேன்? புரியாதவங்க கையில அது ஆபத்து. புரிஞ்சவன் கையில அதை மிஞ்ச ஒன்னு கிடையாது." பிறகு காற்று எப்படி வருகிறது, வண்டி முகத்தை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலேயே நிமிர்ந்து நிற்பதன் சௌகரியம் என்ன என்று விளாசித் தள்ளினார். கூட்டம் தலையாட்டத் தொடங்கியது. முன்கீலுக்குச் சொல்லிவைத்திருந்த ஓர் இளைஞர் அங்கேயே கைபேசியை எடுத்துப் பட்டறைக்கு 'மாத்திடுங்க' என்றார். மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

கூட்டத்தின் பின்னால் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரும் கணவரும் குருவின் பேச்சைக் கேட்டு, ஆசைப்பட்ட பின்கீல் கூரையை விட்டுவிட்டு நேராக எழும்புகிற கூரை வாங்கியவர்கள். அதைத் தூக்க இரண்டு பேர் நான்கு மூலைக்கும் ஓட வேண்டும். கணவருக்குத் தோள்பட்டை வலி. செவிலியர் எழுந்து நின்றார்.

"தம்பி, எங்களுக்கு மட்டும் ஏன் நேரா எழும்பறதுதான் சரின்னு சொன்னீங்க?"

"உங்களுக்கு அதுதான்மா சரி. உங்க உயரத்துக்கு."

"எங்க உயரத்தை எப்ப பாத்தீங்க?"

ஆராய்ச்சியின் கை சட்டைப்பையில் டேப்பைத் தேடியது.

"சரி, அதை விடுங்க. இந்த வண்டிக்கு எப்ப கூரை போட்டீங்க? கீல்ல பெயிண்ட் வாசம்கூட போகலையே."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும். மனைவி காப்பாற்றுவாள் என்று திரும்பிப் பார்த்தார். அவள்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி வண்டிக்குள் ஏறிக்கொண்டார். உள்ளே ஏறியதும் பழக்கத்தில் தலையைக் குனிந்தார். குனிய வேண்டியதில்லை என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மெதுவாக நிமிர்ந்தார். மஞ்சள் துணி வழியே வந்த வெயிலில் அவர் முகமும் மஞ்சளாக இருந்தது. அவமானத்தை மறந்து துணியைத் தடவிப் பார்த்தார். நல்ல துணி என்று மனசு சொன்னது. வாய் சொல்லவில்லை.

குழுவில் குரு பட்டம் போய்விட்டது என்று நினைத்தால் தவறு. சிரித்தவர்களே அடுத்த வாரம் மறுபடியும் கேட்டார்கள், அவரும் மறுபடியும் பக்கம் பக்கமாக எழுதினார். செவிலியரின் கூரையை மாற்றுவதற்கு மட்டும் அவரே பட்டறைக்குப் போய் நின்று வாதாடினார். கூரைக்காரர் வெள்ளை நிற மாதிரித் துண்டை அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துவிட்டுத்தான் பேச வந்தார்.

செவிலியரும் இந்தம்மாளும் இப்போது நெருங்கின சிநேகிதிகள். இரண்டு வண்டியும் சேர்ந்து அடிக்கடி வெளியே போகின்றன. எங்கே போவது என்று பெண்கள் இருவரும் ஃபோனிலேயே முடிவு செய்துவிடுவார்கள். ஆராய்ச்சிக்கு விஷயம் தெரிவது வண்டி கிளம்பிய பிறகுதான். முன்னாலேயே தெரிந்தால் ஆராய ஆரம்பித்துவிடுவார்.