ஐந்தாம் நம்பரின் மூக்கு

சின்னவள் போராடிப் பெற்றவை இவை: மூன்று பக்கமும் பலகை அடைத்த ஒரு மேசை. கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி. ஐந்து என்று எழுதிய ஓர் அட்டை. காலை பத்தேகாலிலிருந்து பதினொன்றரை வரை யாரும் கூப்பிடக் கூடாத ஒன்றேகால் மணி நேரம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, அந்தச் சிறிய பீர் ஆலையில் ஒன்பது வருடம் பாட்டில் கழுவியவளுக்கு இவற்றில் எதையும் யாரும் தாம்பாளத்தில் வைத்து நீட்டவில்லை.

திரும்பி வந்த பாட்டில்களில் மிச்சமிருந்ததை முகர்ந்து, "இந்தப் பெட்டி முழுக்க நனைஞ்ச அட்டை வாசம்" என்று ஒரு நாள் அவள் சொன்னது மேலாளர் காதுக்குப் போனது. எந்நேரமும் ஆவிக்கு நடுவே நிற்கும் அவருக்குக் கொப்பரை என்று பெயர். அவர் மூன்று கிண்ணங்களை அவள்முன் வைத்தார். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு, வேறு எது? பன்னிரண்டு தடவை வைத்தார். பதினொரு தடவை சரியாகச் சொன்னாள்.

"அந்த ஒண்ணு எப்படித் தப்பாச்சு?"

"மேஸ்திரி வெங்காயம் தின்னுட்டுப் பக்கத்துல வந்து நின்னாருங்க."

அப்படித்தான் சுவைப்போர் ஐவரில் கடைசி ஆளானாள். முதல் மாதமே சறுக்கினாள். கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்க, 'கெட்டுப்போச்சு' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"கோதுமை பீருக்கு அதுதாம்மா அழகு," என்றார் கொப்பரை. "உனக்குப் பிடிச்சிருக்கான்னு இங்க யாரும் கேக்கல. அது அதுவா இருக்கான்னு மட்டும் சொல்லு."

அதைப் பிடித்துக்கொண்டாள். கறுப்பு பீரில் தீய்ந்த காப்பிக்கொட்டை இருக்க வேண்டும். கசப்பு பீரில் ஆரஞ்சுத்தோல். வெளிர் பீர்தான் ஆளைப் படுத்தும். தானியத்தின் மெல்லிய இனிப்பைத் தவிர வேறெதுவும் அதில் தலைகாட்டக் கூடாது. துப்பினால் கசப்பு பிடிபடாது என்பதால் ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் மட்டும் விழுங்குவாள். ஆலைக்கு வெளியே ஒரு சொட்டும் தொட்டதில்லை.

இந்த வேலைக்காக வாசனை சோப்பை விட்டாள். பவுடரை விட்டாள். தாளித்தால் துணியில் ஒட்டுகிறதென்று தாளிப்பதையும் விட்டாள். அவளுடைய ஒற்றை அறையில் எதற்கும் மணமே இல்லாமல் போயிற்று. மாலையில் பேருந்தில் ஏறினால் அவள்மேல் ஒட்டிய பீர் வாசத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளித்து வேறு இடம் பார்ப்பார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் அண்ணியின் தம்பி, "காலையிலேயே ஆரம்பிச்சிடுவீங்களாமே?" என்றபோது பந்தியே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். அதற்குப் பிறகு விசேஷங்களுக்குப் போவது குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணன் போன் செய்வார். வாரத்தில் அவளை 'சாப்பிட்டியா' என்று கேட்பது அந்த ஒரு குரல்தான்.

மற்ற நால்வரும் பட்டம் வாங்கியவர்கள். சுவைக்கும்போது பேசக் கூடாது, முகம் காட்டக் கூடாது என்பது விதி. முடிந்த பிறகும் அவளிடம் மட்டும் அந்த விதி நீடித்தது. நால்வரும் ஒரே மாதிரி எழுதியிருக்க, ஐந்தாம் நம்பர் தாள் அடிக்கடி தனியாக நின்றது. ஆய்வக அதிகாரி சராசரி எடுக்கும்போது அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார். பிப்ரவரியில் வெளிப்படையாகவே சொன்னார்: "இன்னொரு தடவை நீ மட்டும் தனியா எழுதினா, பாட்டில் பக்கமே திரும்பிப் போயிடலாம்."

மார்ச் ஏழாம் தேதி ஏழாம் தொட்டியின் வெளிர் பீர் வந்தது. முதல் வாயில் ஒன்றுமில்லை. இரண்டாவதை விழுங்கி மூச்சை மூக்கால் விட்டபோது, தொண்டைக்குப் பின்னால் நூலிழை போல வெண்ணெய். இல்லை என்று எழுதிவிட்டால் நாற்காலி தங்கும். பேனாவை மூடினாள், திறந்தாள். 'வெண்ணெய். கொஞ்சம்' என்று எழுதினாள்.

அதிகாரி ஐந்து தாள்களையும் கொப்பரை முன் பரப்பினார். "நாலு பேர் நல்லா இருக்குங்கறாங்க. இந்தம்மாவுக்கு மட்டும் வெண்ணெய் வருதாம்."

"ரொட்டிக்குத் தடவிக்கிட்டு வந்திருப்பாங்க," என்றார் இரண்டாம் நம்பர்.

"வெறும் ரொட்டிதாங்க," என்றாள் சின்னவள்.

கொப்பரை சிரிக்கவில்லை. ஏழாம் தொட்டியிலிருந்து இரண்டு குவளை பிடித்து வரச் சொன்னார். ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே வைத்து, மற்றதை மூடிபோட்டு இருபது நிமிடம் வெந்நீரில் நிறுத்தினார். பீரில் ஒளிந்திருக்கும் வெண்ணெய் வாசம் சூட்டில் வெளியே வந்துவிடும். ஆறவைத்து மூடியைத் திறந்தார். முகர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அறையே நெய்க்கடை போலானது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"தொட்டி இன்னும் ஒரு வாரம் கிடக்கட்டும். ஈஸ்டே அதைத் தின்னுடும்," என்று சொல்லிவிட்டுக் கொப்பரை போய்விட்டார்.

அன்றைக்காவது யாராவது 'வா' என்பார்கள் என்று நினைத்து அவள் கேன்டீனுக்குப் போனாள். நால்வர் மேசையில் ஐந்தாவது நாற்காலி ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு பை இருந்தது. அதை எடுக்க யார் கையும் நீளவில்லை. தண்ணீர் மட்டும் பிடித்துக்கொண்டு, பலகை அடைத்த தன் மேசைக்கே திரும்பி வந்து ரொட்டியைத் தின்றாள்.

அடுத்த வியாழக்கிழமை ஏழாம் தொட்டி மறுபடி வந்தது. இரண்டு வாய் விழுங்கினாள். காத்திருந்தாள். தானியத்தின் மெல்லிய இனிப்பு வந்து போனது. 'வேறொன்றுமில்லை' என்று எழுதினாள். வெளிர் பீரைப் பற்றி அதைவிட நல்ல வார்த்தை கிடையாது.

கொப்பரை வேறொரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். பீரை வெளியே அனுப்பும் தாள். அதுவரை அவர் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு வந்தது. அவர் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு கோடு இழுத்திருந்தார்.

"இனி நீயும் போடணும். நம்பர் போடாதே, பேரை எழுது. நாளைக்கு யாராவது கேட்டா நம்பர் வந்து பதில் சொல்லாது. எழுதி வைம்மா, வந்து எடுத்துக்கறேன்."

அவளுக்குக் கையெழுத்தே கிடையாது. பள்ளிக்கூடத்தில் அப்பா போட்டார். சம்பளத்துக்கும் வீட்டு ஒப்பந்தத்துக்கும் கட்டைவிரல். வேலை நாளில் அவள் அழைத்ததால் அண்ணன் பதறிப்போய் எடுத்தார்.

"அண்ணே, கையெழுத்துன்னா எப்படி இருக்கணும்? வளைச்சு வளைச்சுப் போடணுமா?"

"வளைக்காதே. முழுப் பேரையும் எழுது. யார் பார்த்தாலும் படிக்க முடியணும். கீழ தேதியும் போடு."

அறையில் வேறு யாரும் இல்லை. வெளியே நால்வரும் பேசிக்கொண்டே கேன்டீன் பக்கம் போவது கேட்டது. அவள் தாளை நேராக வைத்தாள். கோட்டுக்கு மேலே ஒவ்வோர் எழுத்தாக, அவசரமில்லாமல் எழுதினாள். கீழே தேதியும் போட்டாள்: 14 மார்ச் 2019.